இரண்டு வாக்கியங்கள், இரண்டு தெரியாத எண்கள்

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் வீட்டிலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆண்டுதோறும் இயற்கணிதப் பாடத்தில் ஓரிடத்துக்கு வந்ததும் கூடத்தின் ஓசையே மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்துத் தீர்வு காணச் சொன்னால் பேனாக்கள் தாளில் ஓடும் சத்தம் கேட்கும். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விடையைச் சொல்வார்கள். அடுத்த பக்கத்தில் வாக்கியக் கணக்குகள் தொடங்கியதும் அந்தச் சத்தம் நின்றுவிடும். கேள்வியை மூன்று முறை படிப்பார்கள், எண்களுக்கு அடியில் கோடு போடுவார்கள், பிறகு தலையை நிமிர்த்தி, கூட்ட வேண்டுமா பெருக்க வேண்டுமா என்று கேட்பார்கள்.

சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாததால் வரும் தயக்கம் அன்று இது. பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை ஆகிய மூன்றும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்கு வருகிற வழியில், தாங்கள் எழுதும் எழுத்து எதைக் குறிக்கிறது என்பது அவர்களுக்கு உறுதியாகத் தெரிவதில்லை. தடுமாற்றம் அனைத்தும் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றியதுதான். பள்ளியில் எக்ஸ், ஒய், இசட் என்று எழுதுவதை இங்கே ய, ர, ல என்று எழுதுகிறேன்.

என் தாத்தா பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர்; ஆடு வாங்கி விற்றவர். சிறுவயதில் அவர் எனக்குப் போட்ட கணக்கு ஒன்றோடுதான் இன்றும் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். ஒரு வீட்டுக் கொட்டிலில் ஆடும் கோழியும் நிற்கின்றன. தலைகளை எண்ணினால் 20, கால்களை எண்ணினால் 56. ஆடு எத்தனை, கோழி எத்தனை? ஐந்து ஆடு, பதினைந்து கோழி என்று தொடங்கி நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர், "தலைக்கு ரெண்டு காலை எடுத்து அந்தப் பக்கம் வை. மிச்சம் நிக்கிற காலெல்லாம் யாருது?" என்று கேட்டார். இருபது தலைக்கு நாற்பது கால் போனால் மீதி 16. கோழியிடம் இனிக் கால் இல்லை. ஆகவே மீதிக் கால்கள் அத்தனையும் ஆடுகளுடையவை, ஓர் ஆட்டுக்கு இரண்டு வீதம். ஆடு 8, கோழி 12.

இதையே பள்ளி முறையில் எழுதினால், ஆடுகளின் எண்ணிக்கை ய, கோழிகளின் எண்ணிக்கை ர என்று வைத்துக்கொண்டு, ய + ர = 20 என்றும் 4ய + 2ர = 56 என்றும் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். முதல் சமன்பாட்டை 2ஆல் பெருக்கினால் 2ய + 2ர = 40. அதை இரண்டாவதிலிருந்து கழித்தால் 2ய = 16. தலைக்கு இரண்டு காலை எடுத்து அந்தப் பக்கம் வைப்பதும், முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கிக் கழிப்பதும் ஒரே செயல்தான் என்பது எனக்குப் புரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அதற்கு முன்பு பல ஆண்டுகள், கெழுக்களை, அதாவது எழுத்துகளுக்கு முன்னால் நிற்கும் எண்களை, சமமாக்கிக் கழிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் பின்பற்றி, கழித்தபோது ர ஏன் மறைந்தது என்று கேட்காமலேயே முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ர மறைந்ததற்குக் காரணம், கோழியின் கால்கள் முழுவதையும் எடுத்துவிட்டோம் என்பதே. இந்த ஒரு வரியைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

இத்தகைய கணக்குகள் நம் நாட்டில் புதியவை அல்ல. இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், ஏறத்தாழ 850ஆம் ஆண்டில், சமணக் கணித அறிஞரான மகாவீரர் 'கணிதசாரசங்கிரகம்' என்ற நூலை வடமொழியில் எழுதினார். எம். ரங்காசாரியார் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, 1912இல் சென்னையில் அரசு அச்சகத்தின் வழியே அது வெளிவந்தது. அதில் ஒரு கணக்கு: 9 நாரத்தை வகைப் பழங்களும் 7 விளாம்பழங்களும் சேர்ந்து 107; 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101; ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியே சொல்க.

எண்ணிக்கைகள் இடம் மாறி நிற்கும் அழகைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 16 நாரத்தையும் 16 விளாம்பழமும் 208 ஆகும். எனவே ஒரு நாரத்தையும் ஒரு விளாம்பழமும் சேர்ந்து 13. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், 2 நாரத்தைகள் 2 விளாம்பழங்களைவிட 6 அதிகம். எனவே ஒன்றுக்கு 3 அதிகம். நாரத்தை 8, விளாம்பழம் 5. மகாவீரர் தரும் விதி சற்று வேறானது: பெரிய விலையைப் பெரிய எண்ணிக்கையாலும் சிறிய விலையைச் சிறிய எண்ணிக்கையாலும் பெருக்கிக் கழித்து, எண்ணிக்கைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 963இலிருந்து 707 போனால் 256, 81இலிருந்து 49 போனால் 32, வகுத்தால் 8. இன்றைய நீக்கல் முறையில் பெருக்கிக் கழித்தாலும் கடைசியில் இதே 256ஐ இதே 32ஆல்தான் வகுக்கிறோம் என்பதைக் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள்.

இந்தப் பழக் கணக்கை எழுதும்போது பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியாக, "நாரத்தை = ய என்க" என்று எழுதுகிறார்கள். விற்பனைக்கு வரும் வழிகாட்டி நூல்கள் சிலவற்றிலும் இப்படியே அச்சிட்டிருப்பதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டாகியிருக்கிறது. நாரத்தை ஒரு பழம். ய ஓர் எண். பழத்தை ஒன்பதால் பெருக்கி 107இல் சேர்க்க முடியாது. ய என்பது ஒரு நாரத்தையின் விலை. 9ய என்பது ஒன்பது நாரத்தைகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம். ஆட்டுக் கணக்கில் ய என்பது எண்ணிக்கையாக இருந்தது, இங்கே விலையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை முதல் வரியிலேயே முழு வாக்கியமாக எழுதாத பிள்ளை, மூன்றாவது வரியில் விலையையும் எண்ணிக்கையையும் கூட்டிவிடும். "ஒரு நாரத்தையின் விலை ய ரூபாய் என்க" என்று எழுதப் பத்து நொடிகூட ஆகாது. என் வகுப்பில் அந்த வாக்கியம் இல்லாத விடையை நான் திருத்துவதே இல்லை.

எழுத்தை எண்ணாகக் கொள்ளாமல் பொருளின் பெயர்ச்சுருக்கமாகக் கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமென்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பொறியியல் மாணவர்களிடம், ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதும்படி கேட்டு, முடிவுகளை 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் மிகுதியானோர் எழுதியது, மாணவர்களின் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால் பேராசிரியர்களின் எண்ணிக்கை வரும் என்று பொருள்படும் தலைகீழ்ச் சமன்பாடு. ஆங்கில வாக்கியத்தில் ஆறு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே மாணவர் என்ற சொல் வருவதால், சொற்களை வந்த வரிசையிலேயே குறிகளாக மாற்றியவர்கள் அப்படிச் சறுக்கினார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாக்கியம் நமக்கு ஓர் உதவி செய்கிறது. "ஆசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்" என்று நாம் சொல்லும்போது ஆசிரியர், ஆறு, மாணவர் என்ற வரிசை அமைகிறது. அந்த வரிசையை அப்படியே எழுதினாலும் ஆசிரியர் எண்ணிக்கை பெருக்கல் ஆறு சமம் மாணவர் எண்ணிக்கை என்ற சரியான சமன்பாடே வரும். ஆனாலும் என் மாணவர்களில் சிலர் தலைகீழாகத்தான் எழுதுகிறார்கள். ஏன் என்று உட்காரவைத்துக் கேட்டால், "ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள், அதனால் ஓர் ஆ சமம் ஆறு மா" என்று விளக்குகிறார்கள். ஆ என்பது ஆசிரியர் என்ற ஆள், மா என்பது மாணவர் என்ற ஆள். பொருளின் முதல் எழுத்தையே மாறியாக, அதாவது தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்தாக, வைத்துக்கொள்வது வசதியாகத் தோன்றினாலும், அந்த வசதியே பிள்ளைகளை இந்தப் பள்ளத்தில் தள்ளுகிறது. ஆகவேதான் பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ய, ர போன்ற எழுத்துகளை வலியுறுத்துகிறேன்.

இரண்டு இலக்க எண் கணக்குகளில் இதே பிழை வேறு உருவத்தில் வரும். இலக்கங்களின் கூடுதல் 9, இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 அதிகமாகிறது என்றால், பிள்ளைகள் அந்த எண்ணை யர என்று அருகருகே எழுதிவிடுவார்கள். இயற்கணிதத்தில் அது பெருக்கல் ஆகிவிடும். இதற்கு நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. முப்பத்தாறு என்ற சொல்லை வாய்விட்டு உடைத்துச் சொல்லச் சொல்வேன். மூன்று பத்தும் ஆறும் என்று அவர்களே சொல்வார்கள். அப்படியானால் ய பத்தும் ர-வும் என்றால் 10ய + ர. இடம் மாற்றினால் 10ர + ய; வித்தியாசம் 9(ர − ய) = 27; ர − ய = 3, ய + ர = 9; எண் 36.

வயதுக் கணக்குகளுக்கு அதிக நேரம் ஒதுக்குகிறேன், ஏனெனில் அவற்றில் காலமும் சேர்ந்துகொள்கிறது. சென்ற ஆண்டு நான் கொடுத்த கணக்கு இது: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாயின் வயது மகளின் வயதைப் போல் ஐந்து மடங்காக இருந்தது, இன்னும் நான்கு ஆண்டுகளில் மூன்று மடங்காக இருக்கும், இருவரின் இன்றைய வயது என்ன? எப்போதும் முதல் வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி, தாயின் இன்றைய வயது ய, மகளின் இன்றைய வயது ர என்று ஒழுங்காக எழுதிவிட்டு, ய − 2 = 5ர என்றும் ய + 4 = 3(ர + 4) என்றும் எழுதினாள். தீர்த்தாள்; ர = 3, ய = 17 என்று வந்தது. இரண்டு சமன்பாடுகளிலும் பிரதியிட்டுச் சரிபார்த்தாள். 17 − 2 = 15, ஐந்து மூன்று பதினைந்து, சரி. 17 + 4 = 21, மூன்று ஏழு இருபத்தொன்று, சரி. நோட்டை என்னிடம் நீட்டினாள்.

நான் தவறு என்று சொல்லவில்லை. விடையைச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்காமல், கேள்வியில் இருக்கும் தமிழ் வாக்கியத்தில் வைத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தாய்க்கு 15 வயது, மகளுக்கு 1 வயது என்று வாசித்ததும் நின்றாள். "மிஸ், பதினஞ்சு எப்படி ஒண்ணுக்கு அஞ்சு மடங்கு ஆகும்?" என்று அவளே கேட்டாள். சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மட்டும் ரெண்டு வயசைக் குறைச்சிட்டேன்" என்றாள். தாய்க்கு இரண்டு ஆண்டுகள் பின்னே போனால் மகளுக்கும் இரண்டு ஆண்டுகள் பின்னே போகத்தானே வேண்டும். ய − 2 = 5(ர − 2) என்று திருத்தினாள்; ய = 5ர − 8, ய = 3ர + 8; ஆகவே 2ர = 16; மகளுக்கு 8, தாய்க்கு 32. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 30, 6. நான்கு ஆண்டுகள் கழித்து 36, 12.

விடையைச் சமன்பாட்டில் பிரதியிடுவது தீர்த்த முறை சரியா என்பதைத்தான் சொல்லும். சமன்பாடு கேள்விக்கு உரியதா என்பதை அது சொல்லாது. தவறான சமன்பாட்டுக்குச் சரியான தீர்வு காண முடியும் என்பதற்கு 17 வயதுத் தாயும் 3 வயது மகளுமே சாட்சி. தேர்வுத்தாளில் 'சரிபார்த்தல்' என்ற தலைப்பின் கீழ்ச் சமன்பாட்டில் பிரதியிடுவதையே பிள்ளைகள் எழுதப் பழகியிருப்பதால், இதை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதுக் கணக்குகளில் இன்னொரு பிடிமானமும் உண்டு: "இருந்தது", "இருக்கும்" என்ற வினைமுற்றுகளே காலத்தைக் காட்டிவிடுகின்றன. அவற்றை வட்டமிட்டு, அன்று, இன்று, பிறகு என்று மூன்று வரிசைகளில் இருவரின் வயதையும் எழுதியபின் மடங்கைத் தொடுபவர்களுக்குப் பிழை நேர்வது மிகக் குறைவு.

எந்த முறையில் தீர்ப்பது என்ற கேள்விக்கு நான் அதிக முக்கியத்துவம் தருவதில்லை. ஒரு மாறி தனியே நின்றால் பிரதியிடலாம், இல்லாவிட்டால் நீக்கலாம். குறுக்குப் பெருக்கல் முறை விரைவானது என்றாலும், அதில் கோழிகள் எப்போது வெளியே போயின என்பது தெரிவதில்லை. ஆகவே நீக்கல் முறை கைவந்த பிறகே அதைச் சொல்லித்தருகிறேன்.

பத்தாம் வகுப்பில் மாறிகள் மூன்றாகும்போது பிள்ளைகள் மீண்டும் அஞ்சுகிறார்கள். அப்போது நான் பழைய சீனத்துக்குப் போவேன். 'ஒன்பது அத்தியாயங்கள்' என்று வழங்கும் பழஞ்சீனக் கணித நூலின் எட்டாவது அத்தியாயம் முழுவதும் இவ்வகைக் கணக்குகளுக்கே உரியது. லியூ ஹுய் என்பவர் 263ஆம் ஆண்டில் அந்நூலுக்கு உரை எழுதினார். அந்த அத்தியாயத்தின் முதல் கணக்கு தானியத்தைப் பற்றியது. மேல்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 சேர்ந்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 சேர்ந்தால் 34. 1, 2, 3 சேர்ந்தால் 26. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்? அவர்கள் எழுத்துகளே இல்லாமல், எண்ணிக்கைகளை மட்டும் சிறு குச்சிகளால் பத்திகளாக அடுக்கி, ஒரு பத்தியை மற்றொன்றின் எண்ணால் பெருக்கிக் கழித்துக்கொண்டே வந்து தீர்த்தார்கள். மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி. இன்று ஜெர்மானியக் கணித அறிஞர் காஸின் பெயரால் வழங்கும் நீக்கல் முறையின் உள்ளடக்கமும் இதுதான்.

நாம் செய்து பார்ப்போம். மேல்தரம், நடுத்தரம், கீழ்த்தரம் ஆகியவற்றில் ஒரு கட்டின் தானிய அளவு முறையே ய, ர, ல என்க. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ய − ர = 5. இரண்டாவதை 3ஆல் பெருக்கி அதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 5ய + 7ர = 76. இனி இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு: 12ர = 51. நடுத்தரக் கட்டுக்கு நாலேகால், மேல்தரத்துக்கு ஒன்பதேகால், கீழ்த்தரத்துக்கு இரண்டே முக்கால். விடை பின்னமாக வந்தால் தவறு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் தேவை.

பாடத்தின் கடைசி நாளில் ஒவ்வொருவரும் தாமே ஒரு வாக்கியக் கணக்கு எழுதி வர வேண்டும் என்பது என் வழக்கம். எழுதுபொருள் கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவன் எழுதி வந்தது இது: 2 பேனா, 3 நோட்டு 130 ரூபாய்; 4 பேனா, 6 நோட்டு 250 ரூபாய். முதலாவதை இரட்டித்தால் 260 வர வேண்டும், ஆனால் 250 என்று இருக்கிறது. வரைபடத்தில் இவை சந்திக்காத இணைகோடுகள், தீர்வு இல்லை என்று பாடப்புத்தகத்தின்படி சொன்னேன். ஒருவேளை 260 என்று இருந்திருந்தாலும் பயன் இல்லை, இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தையே மறுபடியும் சொல்வதாகிவிடும், விலைகளுக்கு எண்ணற்ற தீர்வுகள் வரும் என்றும் விளக்கினேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "நிஜமான பில் மிஸ். நிறைய வாங்கினா அப்பா கொஞ்சம் குறைச்சுப்பார்" என்றான்.

அவன் சொன்னது சரி. கணக்கில் தெரியாத எண்கள் இரண்டு என்று நாங்கள் வைத்துக்கொண்டதுதான் பிழை; ஒரு பேனாவின் விலை ய ரூபாய், ஒரு நோட்டின் விலை ர ரூபாய், குறைத்த தொகை ல ரூபாய் என்று வைத்தால் 4ய + 6ர − ல = 250. முதல் சமன்பாட்டை இரட்டித்து இதைக் கழித்தால் பேனாவும் நோட்டும் சேர்ந்தே மறைந்து, ல = 10 என்று தனியே நிற்கிறது. அவன் அப்பா குறைத்தது பத்து ரூபாய். எங்களுக்குக் கிடைக்காமல் போனது பேனாவின் விலையும் நோட்டின் விலையும்தான். அதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாலை அவன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தான். ஒரு பேனா, ஒரு நோட்டு, 50 ரூபாய். கரும்பலகைக்குப் போய், முதல் பில்லிலிருந்து இரண்டு பேனாவையும் இரண்டு நோட்டையும் நூறு ரூபாய்க்கு எடுத்து அந்தப் பக்கம் வைத்தான். மீதி நின்றது ஒரு நோட்டு, 30 ரூபாய்.